கேபிளை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது

காசு மிச்சமாகும் என்று நினைத்து கேபிளை நிறுத்தப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்கள் வீட்டில் முதல் வருடம் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை, கைக்காசு இரண்டாயிரம் கூடுதலாகத்தான் போனது. ஆனாலும் திரும்ப கேபிள் போடுகிற எண்ணம் இல்லை, அதுவும் போடக்கூடாது என்று இப்போது சொல்வது நான் இல்லை, முதலில் சண்டை போட்ட என் மாமியார். பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன், விளம்பரம் எதுவும் இல்லை, கேபிளுக்குப் பதில் டிவியில் செருகி இன்டர்நெட் வழியாகப் பார்க்கிற ஸ்டிக் எந்தக் கம்பெனி என்றும் சொல்லப் போவதில்லை. இங்கே நான் குறைப்படுகிற விஷயங்கள் எந்த ஸ்டிக் வாங்கினாலும் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

எங்கள் வீடு பெரம்பூரில், இரண்டாவது மாடி. டிவி 2014-இல் வாங்கிய 40 அங்குல எல்இடி, ஸ்மார்ட் கிடையாது, ஆனால் பின்னால் ஸ்டிக்கைச் செருகுகிற ஹெச்டிஎம்ஐ போர்ட் இரண்டு இருக்கிறது. படம் நன்றாகத் தெரிகிற டிவியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, அதனால்தான் புது டிவிக்குப் பதில் ஸ்டிக். வீட்டில் ஐந்து பேர். மாமியாரை அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும்தான் கூப்பிடுவேன். மாமா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேபிள் விஷயத்தில் அவருக்கு ஒரு சரித்திரமே உண்டு. 2003 செப்டம்பரில் பெட்டி வைத்தால்தான் கட்டணச் சேனல் தெரியும் என்கிற முறை முதலில் சென்னையில்தான் வந்தது, டெல்லி, மும்பை, கொல்கத்தாவுக்கெல்லாம் மூன்று வருடம் கழித்துத்தான் போனது. தெருவே "எதுக்கு வீண் செலவு" என்று இலவசச் சேனல்களோடு உட்கார்ந்திருந்தபோது மாமா மட்டும் கிரிக்கெட்டுக்காகப் பெட்டி வாங்கினார், அது இன்னும் பரணில் கிடக்கிறது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துக் காசு கட்டுங்கள் என்று சொன்னபோது கேபிள்காரர் ஒரு தாள் கொடுத்தார், அதில் மாமா பச்சைப் பேனாவில் டிக் அடித்தார். சேனல் எதுவும் வாங்காவிட்டாலும் அடிப்படைக் கட்டணம் 130, வரியோடு 153 ரூபாய் 40 காசு என்பதைக் கேட்டு அவருக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அவ்வளவு பழகிய கேபிளை ஏன் நிறுத்தினோம் என்றால், பொங்கல். காலையில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவர் தீர்ப்பு சொல்கிற நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. மாட்டுப் பொங்கலன்று கேபிள் தம்பி வந்து ஒயரை மாற்றினார், "மேலேருந்தே சிக்னல் வீக்கா இருக்குக்கா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, மாதம் 340 ரூபாய் வாங்கினாலும் கூப்பிட்ட அன்றே மாடி ஏறி வருகிற மனிதர். வேடிக்கை என்னவென்றால் எங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பும் அவர் கொடுத்ததுதான். சென்னையில் நிறைய தெருக்களில் இப்படித்தான், கேபிள் ஒயர் இழுத்தவரே ஃபைபரும் இழுக்கிறார். டிவி வேண்டாம் என்று சொன்னபோது "நெட்ட மட்டும் வச்சுக்கிறீங்களா, இப்போ எல்லாரும் இதத்தான்க்கா சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். பெட்டியைக் கையில் கொடுத்து, நிறுத்தியாயிற்று என்று மெசேஜும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் சும்மா ரீசார்ஜ் பண்ணாமல் விட்டவர்களுக்கு நாலு மாதம் கழித்துப் பாக்கிக் கணக்கு வந்தது.

சரி, ஸ்டிக்குக்கு வருவோம். 3,300 ரூபாய். பொருத்துவது சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சுலபம்தான், ஆனால் முதல் நாள் இரவு எங்களுடையது தானாக அணைந்து அணைந்து எரிந்தது. மாற்றித் தரச் சொல்லி வாங்கிய இடத்துக்கு எழுதிவிட்டேன், அப்புறம்தான் தப்பு எங்கள் மேல் என்று தெரிந்தது. ஸ்டிக்குக்குக் கரண்ட் டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுத்திருந்தார் என் கணவர், தனியாக ஒயர் தொங்க வேண்டாமே என்று. பழைய டிவிகளில் அந்த போர்ட் கொடுப்பது 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். ஸ்டிக் கேட்பது 1 ஆம்பியர், ஐந்து வாட். பாதிச் சாப்பாடு போட்டு முழு வேலை வாங்கினால் மயங்கி விழாமல் என்ன செய்யும்? கூட வந்த அடாப்டரைச் சுவர் ப்ளக்கில் மாட்டியதும் சரியாகிவிட்டது. ஒயர்தான் எட்டவில்லை, ரிச்சி ஸ்ட்ரீட் போய் நீளமான யூஎஸ்பி ஒயர் ஒன்று 120 ரூபாய்க்கு வாங்கி வந்தார், போன இடத்தில் தேவையில்லாத இன்னும் மூன்று சாமானும் வாங்கி வந்தார், அது வேறு கதை.

அடுத்தது வட்டம். வட்டம் சுற்றுவது என்றால் என்னவென்று கேபிள் காலத்தில் எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படம் நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும், அத்தை என்னைப் பார்ப்பார். எங்கள் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ், ஆனால் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு 15-உம் இருந்தால் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. அப்படியிருக்க இருபது மடங்கு வேகம் எங்கே போகிறது? பீரோவுக்குள் போனது. ரௌட்டர் வாசல் பக்கம், டிவி ஹால் கோடியில், நடுவில் அத்தை கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ. வைஃபை இரும்பைத் தாண்டாது. இது போதாதென்று ஸ்டிக் சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளியில் ஒளிந்திருந்தது. கூடவே வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எங்கள் மாடிப்படியைச் சுற்றி உள்ள எல்லா வீட்டு ரௌட்டரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும், சாயங்காலம் மட்டும் வட்டம் சுற்றியதற்குக் காரணம் இந்த நெரிசல். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கூட்டம் குறைவு, ஆனால் அது தூரம் போகாது, சுவரைக் கண்டால் இன்னும் சோர்ந்துவிடும். பீரோவை நகர்த்துவது பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. ரௌட்டரை நாலடி தள்ளி உயரமாக மாட்டி, ஸ்டிக்கோடு வந்திருந்த குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைத்த பிறகு வட்டம் நின்றது. அந்தக் குட்டி ஒயரை முதல் நாளே குப்பையில் போட இருந்தோம்.

மேலே சொன்னதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்கிற கஷ்டம். தீராத கஷ்டம் அத்தைக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் இருந்தது, இரண்டு மாதம் இருந்தது, அதைப் பற்றித்தான் விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் பேசுவதில்லை.

கேபிள் ரிமோட்டில் நம்பர் இருக்கும். அத்தைக்குச் சேனல் பெயரைவிட நம்பர்தான் மனப்பாடம், கண்ணாடி போடாமலே விரலால் தடவி அழுத்துவார். ஸ்டிக் ரிமோட்டில் நம்பரே கிடையாது, ஒரு வட்டம், அதைச் சுற்றி நாலைந்து பொத்தான். அதைவிடப் பெரிய சிக்கல், சேனல் என்கிற ஒன்றே இல்லாமல் போனது. சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட் ஆப்பில், விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-இல், செய்திச் சேனல்கள் யூட்யூபில், பொதிகை இப்போது டிடி தமிழ் என்று பெயர் மாறி வேவ்ஸ் ஆப்பில். ஒரே தெருவில் இருந்த கடைகளைப் பிரித்து ஊரின் ஐந்து மூலையில் வைத்த மாதிரி. போதாக்குறைக்கு நாங்கள் மாறி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2025 பிப்ரவரி 14 அன்று ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது, நிறமும் படமும் மாறிவிட்டது. "நேத்து வரைக்கும் இருந்த நீலப் பெட்டி எங்கம்மா போச்சு?" என்று மாமா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ரிமோட்டில் மைக் இருக்கிறதே, பேசினால் போதுமே என்று மகன் சொன்னான். அத்தை பொத்தானை அழுத்தி, சத்தமாக, போனில் வெளியூர் ஆளிடம் பேசுகிற மாதிரி "சன் டிவி போடு" என்றார். சூரியனைப் பற்றிய ஏதோ ஆங்கில ஆவணப்படங்கள் வரிசையாக வந்தன. சீரியல் பெயரைச் சொன்னார், ஒரு இந்திப் பாட்டு வந்தது. அதற்கப்புறம் அந்தப் பொத்தானை அவர் தொடவே இல்லை.

இதையெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாத விஷயம் என்னவென்றால், இது தினமும் கேள்வி கேட்கிறது. கேபிள் கேட்காது, டிவியைப் போட்டால் ஓடும், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஏழு மணி சீரியல் ஏழு மணிக்கு ஓடும், அத்தை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே காதால் பார்ப்பார். ஸ்டிக்கைப் போட்டால் என்ன வேண்டும், யார் பார்க்கிறீர்கள், எந்த எபிசோட், விட்ட இடத்திலிருந்தா முதலிலிருந்தா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி ஓடவிட்டு அவர் அடுப்படிக்குப் போனால், இரண்டு எபிசோட் கழித்து அது நின்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்கும். "இங்கதானடா இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார். டிவிக்குக் கேட்காது. கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். "சீரியல் பாக்கறதுக்கே பரீட்சை எழுதணும்போல இருக்கு, பழைய பெட்டியவே வாங்கிட்டு வந்துருங்க" என்று மாசிக் கடைசியில் ஒருநாள் கண்ணீர் வராத குறையாகச் சொன்னார். நானும் கேபிள் தம்பி நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் இரண்டு விஷயம் நடந்தது. மகன் உட்கார்ந்து ஸ்டிக்கைத் துப்புரவாக்கினான். முகப்பில் நாலே நாலு ஆப், அதுவும் அத்தை பார்க்கிற வரிசையில். தானாக ஓடுகிற முன்னோட்டப் படங்களை அணைத்தான். சன் நெக்ஸ்ட்டில் நேரலை எங்கே இருக்கிறது என்று மூன்று அழுத்தல்களில் போகிற வழியை நோட்டு அட்டையில் தமிழில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினான். நேரலை என்றால் கேபிள் மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும், எந்தக் கேள்வியும் கேட்காது. இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஸ்டிக்கின் விலையைவிட இந்த ஒரு மணி நேர வேலைதான் முக்கியம், செய்ய ஆள் இல்லையென்றால் கேபிளிலேயே இருங்கள்.

இரண்டாவது, திருநெல்வேலியிலிருந்து அத்தையின் தங்கை போன் செய்தார், சீரியலில் கல்யாணம் நிற்கப்போகிற கட்டத்தில். வழக்கமாக இப்படிப் போன் வந்தால் அத்தை "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார், தங்கை கோபித்துக்கொள்வார். அன்று மகன் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டான். தாலி கையில் இருக்க, மாப்பிள்ளை அப்படியே சிலையாக நின்றார். அத்தை நாற்பது நிமிடம் பேசினார், சொத்து விஷயம்வரை. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் மாப்பிள்ளை விட்ட இடத்தில் காத்திருக்கிறார். அத்தைக்கு அது ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பது வருடமாக டிவி நேரத்துக்கு இவர் சமையலை முடித்துக்கொண்டிருந்தார், இப்போது இவருக்காக அது நிற்கிறது. அதற்கப்புறம் பெட்டிப் பேச்சே எழவில்லை. இப்போது மாலைக் கோயிலுக்கு நிதானமாகப் போய்விட்டு வந்து ஏழு மணி சீரியலை எட்டேகாலுக்குப் பார்க்கிறார், கீழ் வீட்டு அம்மாவிடம் "கதையச் சொல்லிராத" என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார்.

மாமா கதை வேறு. செய்திச் சேனல்கள் எல்லாமே யூட்யூபில் நேரலையாக ஓடுகின்றன, புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், காசு கிடையாது. ஆனால் யூட்யூப் பக்கவாட்டில் இழுக்கும். செய்தி பார்க்க உட்கார்ந்தவர் ஒருநாள் ரயில் எஞ்சினில் கேமரா வைத்து எடுத்த வீடியோவில் போய் விழுந்தார், அன்றிலிருந்து செய்தி பாதியாகக் குறைந்தது. வந்தே பாரத் முதல் ரயிலை 2018-இல் இங்கே ஐசிஎஃப்-இல்தான் செய்தார்கள், அது ஓடுகிற வீடியோ வந்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு எந்த ஷாப்பில் எந்த வேலை நடக்கும் என்று விளக்குவார். ரத்த அழுத்தத்துக்குச் செய்தி விவாதத்தைவிட இது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கிரிக்கெட்டில் மட்டும் கேபிள்தான் ஜெயித்தது. எதிர்வீட்டில் இன்னும் கேபிள். ஐபிஎல் ஓடுகிறது, எங்கள் டிவியில் பௌலர் இப்போதுதான் ஓடி வருகிறார், எதிர்வீட்டில் "ஓ!" என்று கத்துகிறார்கள். சிக்ஸரா விக்கெட்டா என்று மட்டும்தான் தெரியாது, ஏதோ ஒன்று என்று தெரிந்துவிடும். இன்டர்நெட்டில் வருகிற நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புவார்கள், நம் ஸ்டிக்கும் நிற்காமல் ஓட வேண்டுமே என்று இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும், எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்வரை பின்தங்கிவிடுகிறது. வேகமான இணைப்பு போட்டாலும் இது முழுசாகப் போகாது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், வெக்கை தாங்கவில்லை. நல்லவேளையாக 2025-இல் சிஎஸ்கே பத்தாவது இடத்தில் முடித்தது, எதிர்வீட்டுச் சத்தமும் சித்திரைக்குப் பிறகு தானாக அடங்கிவிட்டது.

இனி காசு. கேபிள் வருடத்துக்கு 4,080 கட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டிக் 3,300, புதிதாகக் கட்டிய ஆப் சந்தாக்கள் எல்லாம் சேர்த்து 2,800. ஆக முதல் வருடம் 6,100. அடுத்த வருடம் ஸ்டிக் விலை இல்லை என்பதால் 1,280 ரூபாய் மிஞ்சும், அதுவும் அதற்குள் யாரும் சந்தாவை ஏற்றாமல் இருந்தால். அமேசான் பிரைம் ஏற்கெனவே சாமான் வாங்குவதற்காக வருடம் 1,499 கட்டுகிறோம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதிலும் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் வருகிறது. எங்களிடம் இன்டர்நெட்டும் முன்பே இருந்தது. டிவிக்காகவே புதிதாக இன்டர்நெட் போடுவதென்றால் 699 ரூபாய் பிளான் வரியோடு 825 ஆகும், வருடத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வரும், கேபிளைவிட இரண்டு மடங்குக்கு மேல். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஹெச்டி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி சாப்பிடும், தினம் 2 ஜிபி கொடுக்கிற பிளான் நாற்பது நிமிடத்தில் காலி, ஒரு சீரியலும் விளம்பரமும்தான்.

இன்னொரு பொறி இருக்கிறது. 149 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்த்துக் கட்டிவிடாதீர்கள். நெட்ஃப்ளிக்ஸில் 149 பிளான் மொபைலுக்கு மட்டும், டிவியில் பார்க்க 199-இலிருந்து ஆரம்பம். ஜியோஹாட்ஸ்டார் ஆரம்பித்தபோது மூன்று மாதத்துக்கு 149 என்று இருந்ததும் மொபைலுக்குத்தான், டிவிக்கு 299. என் நாத்தனார் மொபைல் பிளானைக் கட்டிவிட்டு ஸ்டிக் ரிப்பேர் என்று நினைத்து எனக்குப் போன் செய்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தெருமுனையில் யாரோ தோண்டிப்போட்ட பள்ளத்தில் ஃபைபர் அறுந்தது. கேபிள் இருந்தபோது நெட் போனால் டிவி இருக்கும், டிவி போனால் நெட் இருக்கும். இப்போது ஒரே ஒயர், அது போனால் எல்லாம் போச்சு. ஒன்றரை நாள். அத்தை ரேடியோவைத் தேடி எடுத்தார், மாமா எதிர்வீட்டுக்குப் போய் மழைச் செய்தி பார்த்துவிட்டு வந்தார். கரண்ட் கட்டுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரௌட்டர் ப்ளக்கையும் அதில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கிடைக்கிறது.

மறுபடி வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவேன். எங்கள் டிவி 4கே இல்லையே என்று 1 ஜிபி ராம் உள்ள மலிவு ஸ்டிக்கை வாங்கினோம். நாலைந்து மாதம் நன்றாக ஓடியது, ஆப்கள் அப்டேட் ஆக ஆக இப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எச்சில் விழுங்குகிற நேரம் ஆகிறது, 8 ஜிபி இடமும் நிரம்பி அடிக்கடி எதையாவது அழிக்கச் சொல்கிறது. டிவி எதுவாக இருந்தாலும் 2 ஜிபி ராம் உள்ளதை வாங்குங்கள், 4கே-க்காக இல்லை, வேகத்துக்காக. வாங்குவதற்கு முன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ப்ளக் இருக்கிறதா என்றும்.

அப்புறம் ரிமோட் பேட்டரி. கேபிள் ரிமோட்டில் வருடக்கணக்கில் வந்தது, இதில் இரண்டு மூன்று மாதம்தான், மெல்லிசு பேட்டரி இரண்டு. தீரப்போகிறது என்று கொஞ்சம் முன்பே சொன்னாலும் நாம் கவனிக்க மாட்டோம், அது சரியாக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தெருமுனைக் கடை சாத்திய பிறகுதான் சாகும். நான்கு வாங்கி டிவிக்குக் கீழேயே போட்டு வையுங்கள், வேறு எதற்காவது யாராவது எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.